கம்ப்யூட்டரில் லேத் ஓட்டப் போகிறீர்களா? முதலில் சக்கினைக் கவனியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம். கொஞ்சம் கை பழகியதும், "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று மனது தேடத் தொடங்குகிறது. அப்படித் தேடுபவர்களில் சிலர் கார் ஷெட்டிலோ மாடி அறையிலோ ஒரு சிறிய லேத் மெஷினை வைத்து, அதனைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, இரும்பையும் பித்தளையையும் கடைந்து பார்க்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்த சாப்ட்வேர் நல்லது? எவ்வளவு ராம் வேண்டும்? எந்த மோட்டார் போடலாம்? "எந்த சக் வாங்கலாம்?" என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் கம்ப்யூட்டர் எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டாலும், சுற்றுகிற இரும்பைக் கெட்டியாகப் பிடித்திருப்பது சக்தான். அந்தப் பிடி எப்படி இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டியவர் நீங்கள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சக் என்றால் என்ன?

தொட்டில் கால் கடையும் கடைசல் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். மரம் சுற்றும், உளி அதன் மேல் படும். லேத் மெஷினிலும் இதே கதைதான். மோட்டார் ஒரு தண்டினைச் சுற்றுகிறது. இதற்கு ஸ்பிண்டில் என்று பெயர். ஸ்பிண்டிலின் முனையில் பொருத்தப்படும் பிடிப்பான்தான் சக். கடைய வேண்டிய பொருளை ஜாப் என்பார்கள். ஜாப்பினைப் பற்றிக் கொள்ளும் விரல்கள் போன்ற பாகங்களுக்கு ஜா என்று பெயர். இவற்றை இறுக்கவும் தளர்த்தவும் "டி" வடிவில் ஒரு சாவி தரப்படும். அது சக் கீ.

எந்த வகை வாங்கலாம்?

வீட்டில் வைத்திருக்கும் சிறிய லேத்துக்கு மூன்று வகைகளைத் தெரிந்து கொண்டால் போதும்.

1. த்ரீ ஜா சக்: லேத் வாங்கும்போது பெரும்பாலும் இதுதான் உடன் வரும். சாவியை ஒரு துளையில் விட்டுத் திருகினால் மூன்று ஜாக்களும் ஒன்றாக நகரும். உள்ளே கொசுவர்த்திச் சுருள் போலச் சுழன்று செல்லும் பள்ளம் வெட்டிய தட்டு ஒன்று இருக்கிறது. ஜாக்களின் முதுகில் உள்ள பற்கள் அந்தச் சுருளில் மாட்டியிருக்கும். தட்டு திரும்பினால் மூன்றும் சேர்ந்து மையத்துக்கு வரும். அமெரிக்காவில் சைமன் ஃபேர்மன் என்பவர் 1840ல் சக்குக்காகக் காப்புரிமை பெற்றார். அவருடைய மருமகன் ஆஸ்டின் குஷ்மன் 1862ல் அதனை மேம்படுத்தினார். இன்றைய சக்குகளும் அதே வழியில்தான் வேலை செய்கின்றன.

உருண்டைக் கம்பி, ஆறுபட்டைக் கம்பி ஆகியவற்றை நொடியில் பிடித்து விடலாம் என்பது இதன் வசதி. முழுத் துல்லியம் கிடைக்காது என்பது குறை. நல்ல த்ரீ ஜா சக்கில் பிடித்தாலும், சுற்றும்போது டயல் கேஜின் முள் 0.05 முதல் 0.08 மி.மீ. வரை ஆடினால் அதில் வியப்பில்லை. இதனை ரன் அவுட் என்பார்கள். பட்டறைகளில் "அவுட் அடிக்குது" என்பார்கள். ஒரு முறை பிடித்த ஜாப்பினைக் கழற்றாமல் எல்லாவற்றையும் கடைந்து முடித்தால் இதனால் பாதிப்பு இல்லை. கழற்றித் திருப்பிப் பிடித்தால்தான் முதல் பக்கத்துக்கும் இரண்டாம் பக்கத்துக்கும் மையம் மாறும்.

2. ஃபோர் ஜா சக்: இதில் நான்கு ஜாக்களும் தனித்தனி ஸ்க்ரூவில் நகரும். எனவே சதுரம், வார்ப்பு இரும்பு, கோணல் மாணலான துண்டு என எதனையும் பிடிக்கலாம். வேண்டுமென்றே மையத்தைத் தள்ளியும் பிடிக்கலாம். டயல் கேஜ் வைத்துப் பொறுமையாகச் சரி செய்தால் 0.01 மி.மீ. வரை மையம் பிடித்து விடலாம். பொறுமைதான் இதற்கு விலை. முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது ஐந்து நிமிடம். எதிர் எதிரே உள்ள இரண்டு ஜாக்களை ஒரு ஜோடியாக எடுத்துக் கொண்டு, ஒன்றைத் தளர்த்தி எதிரில் உள்ளதை இறுக்க வேண்டும். ஒரு ஜோடி முடிந்த பின் அடுத்த ஜோடிக்குச் செல்லுங்கள்.

3. கோலட் சக்: இது பிளவுகள் வெட்டிய ஒரு கூம்பு. நட்டினை இறுக்கினால் கம்பியைச் சுற்றிலும் ஒரே சீராக நெருக்கிப் பிடிக்கும். துல்லியம் அதிகம், ஜாப்பில் தழும்பு விழாது. நீட்டிக் கொண்டிருக்கும் ஜாக்கள் இல்லாததால் டூல் மோதும் ஆபத்தும் குறைவு. பரவலாகக் கிடைக்கும் ஈஆர் 32 வகையில் 2 முதல் 20 மி.மீ. வரையிலான கம்பிகளைப் பிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு கோலட்டும் 1 மி.மீ. அளவுக்குத்தான் சுருங்கும் என்பதால் ஒரு செட்டாக வாங்க வேண்டியிருக்கும். 12 மி.மீ. கோலட்டில் 10 மி.மீ. கம்பியை வலுக்கட்டாயமாக இறுக்கினால் கோலட் கெட்டுவிடும்.

ஒரே மாதிரி சிறிய பாகங்களைப் பத்து, இருபது என்று கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டுச் செய்யப் போகிறீர்கள் என்றால் கோலட் சக்தான் வசதி. பலவகைப் பொருட்களைக் கடையப் போகிறீர்கள் என்றால், உடன் வந்த த்ரீ ஜா சக்கினை வைத்துக் கொண்டு, கையில் பணம் சேரும்போது முதலில் ஒரு ஃபோர் ஜா வாங்குங்கள் என்பேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அளவு: பெரிய சக் வாங்கினால் பெரிய ஜாப் பிடிக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சக் பெரிதானால் எடையும் கூடும்; சிறிய மோட்டார் அதனைச் சுழற்றவும் நிறுத்தவும் திணறும். ஜாக்களை விரித்தால் அவை லேத்தின் பெட் மீது இடிக்கலாம். 80 மி.மீ. சக்குடன் வரும் சிறிய லேத்தில் 100 மி.மீ. வரை போகலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

பொருத்தும் முறை: இதனைப் பார்க்காமல் சக் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. சில லேத்துகளில் ஸ்பிண்டில் முனையில் மரை இருக்கும். சக்கினை அதில் திருகிப் போட வேண்டும். சிலவற்றில் தட்டையான முகத்தில் போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். பெரிய லேத்துகளில் கேம் லாக் முறை இருக்கும். சக்கும் ஸ்பிண்டிலும் நேரடியாகப் பொருந்தாவிட்டால் இடையில் பேக் பிளேட் என்ற தட்டு தேவைப்படும். உங்கள் ஸ்பிண்டிலின் அளவுகளை வெர்னியரில் அளந்து எழுதிக் கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

துளை: நீளமான கம்பியை சக்கின் நடுத்துளை வழியே உள்ளே விட்டுக் கடையலாம். 80 மி.மீ. சக்குகளில் இந்தத் துளை பெரும்பாலும் 16 மி.மீ. அளவில் இருக்கும். அதனைவிடத் தடித்த கம்பி நுழையாது.

ஜாக்கள்: வெளிப்புறம் பிடிக்க ஒரு செட், பெரிய ஜாப்புகளைப் பிடிக்க படிகள் திருப்பி வெட்டிய இன்னொரு செட் என இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துண்டாகச் செய்த ஜாவினை அப்படியே திருப்பிப் போட முடியாது. அதன் பற்கள் சுருளின் வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. மேல் பாகத்தை மட்டும் ஸ்க்ரூ கழற்றித் திருப்பும் இரண்டு துண்டு ஜாக்களும் உண்டு. அவற்றில் சாஃப்ட் ஜா எனப்படும் மெது ஜாக்களை மாட்டி, தேவையான அளவுக்கு அங்கேயே கடைந்து கொள்ளலாம். த்ரீ ஜா சக்கிலேயே துல்லியம் பெற இது நல்ல வழி.

அதிகபட்ச வேகம்: இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணைத்தான் நினைவில் வைத்துக் கொள்ள முடியும் என்றால் இதனை வையுங்கள். சக்கின் முகத்திலோ உடன் வரும் தாளிலோ அதிகபட்ச ஆர்பிஎம் எழுதியிருக்கும். வார்ப்பு இரும்பு உடல் கொண்ட சக்கினைவிட, அதே அளவுள்ள ஸ்டீல் உடல் சக் கூடுதல் வேகம் தாங்கும். எண் எதுவும் எழுதப்படாத பழைய சக் என்றால், வேகமாக ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை

கையால் ஓட்டும் லேத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவர் மனிதர். சத்தம் மாறினால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். கம்ப்யூட்டர் அப்படியல்ல. நாம் எழுதிய வரியை அப்படியே நிறைவேற்றும். அதனால் சக்கின் எல்லைகளை நாம்தான் அதற்குச் சொல்லி வைக்க வேண்டும்.

புரோகிராமில் ஜி 96 என்று ஒரு கட்டளை இருக்கிறது. "வெட்டும் வேகம் எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும்" என்பது இதன் பொருள். டூல் மையத்தை நோக்கிப் போகப் போக விட்டம் குறையும். அதே வெட்டும் வேகம் கிடைக்க வேண்டுமானால் ஸ்பிண்டில் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்ப்யூட்டர் இந்தக் கணக்கினைத் தானாகவே போட்டு வேகத்தைக் கூட்டிக் கொண்டே போகும். கடைந்த முகம் கண்ணாடி போல வரும், அருமையான வசதிதான். ஆனால் நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டும் வேகம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

விட்டம் 60 மி.மீ. - 531 ஆர்பிஎம்
விட்டம் 40 மி.மீ. - 796 ஆர்பிஎம்
விட்டம் 20 மி.மீ. - 1,592 ஆர்பிஎம்
விட்டம் 10 மி.மீ. - 3,183 ஆர்பிஎம்
விட்டம் 5 மி.மீ. - 6,366 ஆர்பிஎம்
விட்டம் 1 மி.மீ. - 31,831 ஆர்பிஎம்

மையத்தைத் தொடும்போது கணக்குப்படி வேகத்துக்கு எல்லையே இல்லை. மோட்டாரால் முடிந்த உச்ச வேகம் வரை போய்விடும். அந்த உச்ச வேகம் சக் தாங்கும் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் ஆபத்துதான்.

இந்தப் பட்டியலை நீங்களே எக்ஸெல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் புரோகிராமிலோ தயாரித்துக் கொள்ளலாம். முதல் நெட்டு வரிசையில் விட்டத்தை டைப் செய்யுங்கள். அடுத்த செல்லில், வெட்டும் வேகத்தை 1,000ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.1416ஐயும் பெருக்கி வந்த தொகையால் வகுக்கும்படி பார்முலா அமையுங்கள். அதனைக் கீழே இழுத்துவிட்டால் முழுப் பட்டியலும் கிடைக்கும். உங்கள் சக்கின் எல்லையைத் தாண்டும் எண்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, பிரிண்ட் எடுத்து லேத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

எல்லையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது எளிது. இலவச சாப்ட்வேரான லினக்ஸ் சிஎன்சியில், ஜி 96 எழுதும் அதே வரியில் டி என்ற எழுத்துடன் உச்ச வேகத்தைத் தர வேண்டும். "ஜி96 டி1500 எஸ்100" என்றால், நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டும் வேகம், ஆனால் 1,500 ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது என்று பொருள். பட்டறைகளில் உள்ள பெரிய மெஷின்கள் பலவற்றில் இதற்கு முன் ஒரு வரியில் ஜி 50 எழுதி எஸ் என்ற எழுத்துடன் உச்ச வேகம் தருவார்கள். உங்கள் சாப்ட்வேரில் எப்படி என்பதை அதன் ஹெல்ப் பக்கத்தில் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ஜி 97 கொடுத்துச் சாதாரண ஆர்பிஎம் முறைக்குத் திரும்புவதும் நல்ல பழக்கம்.

வேகம் கூடினால் சக் உடையும் என்பது மட்டுமே பயம் அல்ல. அதற்கு முன்பே பிடி தளரும். ராட்டினத்தில் வேகம் கூடும்போது நாற்காலிகள் வெளியே விரிவது போல, சுற்றும் ஜாக்களும் வெளியே போகப் பார்க்கும். கால் கிலோ எடையுள்ள ஒரு ஜா, மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக் கொள்வோம். 1,000 ஆர்பிஎம் வேகத்தில் அதனை வெளியே இழுக்கும் விசை 11 கிலோ எடைக்குச் சமம். 2,000 ஆர்பிஎம் வேகத்தில் 45 கிலோ. 3,000 ஆர்பிஎம் வேகத்தில் 100 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. நாம் நின்ற நிலையில் இறுக்கிய பிடியிலிருந்து இவ்வளவும் கழிந்து போகிறது. ஜாப் பறந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

அடுத்தது, மரை போட்டுத் திருகும் சக் வைத்திருப்பவர்களுக்கு. எம் 04 என்ற கட்டளை ஸ்பிண்டிலைப் பின்பக்கமாகச் சுற்றும். அப்போது சக் தானாகக் கழன்று வரலாம். முன்பக்கம் வேகமாகச் சுற்றிக் கொண்டிருக்கும்போது சட்டென்று பிரேக் போட்டாலும் இதே கதிதான். ஸ்பிண்டில் நின்றுவிடும், கனமான சக் சுற்றிக் கொண்டே மரையில் கழலும். எனவே இத்தகைய லேத்துகளில் எம் 04 பயன்படுத்த வேண்டாம். மோட்டார் டிரைவின் செட்டிங்கில் வேகம் குறையும் நேரத்தைச் சில நொடிகள் என நீட்டி வையுங்கள்.

கடைசியாக, மானிட்டரில் தெரியும் படம். டூல் போகும் பாதையைக் கோடு கோடாகக் காட்டும் அந்தப் படத்தில் பொதுவாக சக் இருக்காது. ஜாக்கள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதும் அதற்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு முறை சக் மாற்றும்போதும் ஜாக்களின் முகம் எங்கே இருக்கிறது என்று அளந்து, டூல் அதனைத் தாண்டி வராதபடி எல்லை அமையுங்கள். புதிய புரோகிராமை முதலில் ஜாப் இல்லாமல், ஸ்பிண்டில் சுற்றாமல், மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

சாவி சொல்லிக் கொடுத்த பாடம்

இதனை வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் மாலை 25 மி.மீ. கம்பி ஒன்றை சக்கில் பிடித்து இறுக்கினேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசி முடித்து நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, புரோகிராமை ஒரு முறை படித்துப் பார்த்து, ஸ்டார்ட் கொடுத்தேன். சக் கீ சக்கிலேயே இருந்தது. பாதிச் சுற்றில் அது பெட் மீது மோதித் தெறித்து வந்து மானிட்டரின் நடுவில் அடித்தது. திரை போயிற்று. ஒரு முழம் இடப்பக்கம் வந்திருந்தால் என் முகம்.

கையால் ஓட்டும் லேத்தில் ஸ்விட்ச் சக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஸ்விட்சைப் போடும் முன் சாவி கண்ணில் படும். கம்ப்யூட்டர் வந்த பிறகு கை கீபோர்டில், கண் திரையில். லேத்தைப் பார்க்காமலேயே அதனை ஓட விட முடிகிறது. வசதி எங்கே இருக்கிறதோ, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அன்று முதல் நான்கு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, சாவி என் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதற்கான கொக்கியில் இருக்க வேண்டும். கை எடுத்தால் தானாக வெளியே தள்ளும் ஸ்பிரிங் வைத்த சாவியும் கிடைக்கிறது. அதனை வாங்கிக் கொண்டேன். இரண்டு, சக்கின் மேல் ஒரு மூடி போட்டு, மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி சிறிய ஸ்விட்ச் வைத்தேன். சாவி மாட்டியிருந்தால் மூடி மூடாது. மூன்று, எமர்ஜென்சி ஸ்விட்ச். இது சாப்ட்வேர் வழியாகச் செயல்படக் கூடாது. கம்ப்யூட்டர் ஹேங் ஆனாலும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். நான்கு, மானிட்டரையும் நாற்காலியையும் சக் சுற்றும் திசைக்கு நேராக இல்லாமல், டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்தினேன்.

சக் நன்றாக இருக்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

மேக்னடிக் ஸ்டாண்டுடன் ஒரு டயல் கேஜ், கிரைண்டிங் செய்த நேரான கம்பி ஒன்று - இவை போதும். கம்பியைப் பிடித்து, ஜாவுக்கு அருகில் டயலை வைத்து, சக்கினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பிறகு 75 மி.மீ. தள்ளி வைத்து மீண்டும் பாருங்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஆடினால் கம்பி நேராக இருக்கிறது, மையம் மட்டும் விலகியிருக்கிறது. முள் 0.08 மி.மீ. ஆடினால் விலகல் அதில் பாதி, அதாவது 0.04 மி.மீ. தள்ளிப் போகப் போக ஆட்டம் கூடினால் கம்பி சாய்ந்திருக்கிறது. சக்குக்கும் பேக் பிளேட்டுக்கும் இடையில் இரும்புத் தூள் சிக்கியிருக்கலாம். அல்லது ஜாக்களின் வாய் அகன்றிருக்கலாம்.

வாய் அகன்றிருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பேப்பர் போதும். ஒரு ஜாவின் உள் முனையிலும் வெளி முனையிலும் கம்பிக்கு இடையே மெல்லிய பேப்பர் கீற்றுகளை வைத்து இறுக்குங்கள். இரண்டும் இழுக்க வராமல் இருந்தால் சரி. வெளி முனையில் உள்ளது மட்டும் உருவிக் கொண்டு வந்தால் வாய் தேய்ந்து அகன்றிருக்கிறது. ஜாக்களைத் திரும்பக் கிரைண்டிங் செய்ய வேண்டியிருக்கும். கோவை கணபதி போல லேத் பட்டறைகள் நிறைந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இதற்கு ஆள் கிடைப்பது எளிது.

இன்னொரு குறிப்பு: சக்கில் சாவி போட மூன்று துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் அருகில் அடையாளம் போட்டிருந்தால் கடைசி இறுக்கத்தை எப்போதும் அந்தத் துளையிலேயே கொடுங்கள். அடையாளம் இல்லாவிட்டால் மூன்றிலும் சோதித்து, ஆட்டம் குறைவாக உள்ள துளைக்கு நீங்களே புள்ளி வைத்துக் கொள்ளலாம்.

மெல்லிய குழாயை த்ரீ ஜா சக்கில் பலமாக இறுக்கினால் அது மூன்று இடத்தில் அமுங்கும். அந்த நிலையில் உள்ளே வட்டமாகக் கடைந்து, சக்கினைத் தளர்த்தினால் குழாய் பழைய வடிவுக்குத் திரும்பும். கடைந்த வட்டம் மூன்று மூலை வடிவமாகிவிடும். எதிரெதிர்ப் புள்ளிகளை மட்டும் அளக்கும் வெர்னியரில் இது சரியாகத் தெரியாது. பேரிங்கைப் பொருத்தும்போதுதான் தெரியும். இத்தகைய வேலைக்கு மெது ஜாவோ கோலட்டோ பயன்படுத்துங்கள்.

பராமரிப்பு

கம்ப்யூட்டருக்கு எதிரி தூசி என்றால், சக்குக்கு எதிரி இரும்புத் தூள். தினசரி வேலை முடிந்ததும் பிரஷ் கொண்டு துடைத்து, பனியன் வேஸ்ட் துணியில் எண்ணெய் தொட்டுப் பூசுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடிக்க வேண்டாம். வெளியே இருக்கும் தூளை அது சுருளுக்குள் தள்ளும், கண்ணிலும் தெறிக்கும். ஓடும் சக் அருகே துணியோ பிரஷ்ஷோ கொண்டு போகவே கூடாது.

சாவியைத் திருகும்போது நறநறவென்று இருந்தால் பிரித்துச் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வழிமுறை இதோ:

1. மெயின் ஸ்விட்சினை ஆப் செய்யுங்கள். பெட் மீது ஒரு பலகையை வைத்த பிறகே சக்கினைக் கழற்றுங்கள். 100 மி.மீ. சக்கே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். கை நழுவினால் பெட்டும் விரலும் அடிபடும்.

2. பிரிக்கும் முன் மொபைல் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். எந்தப் பாகம் எந்தத் துளையில் இருந்தது என்று மார்க்கரில் எண் போடுங்கள்.

3. ஜாக்கள், பின்பக்கத் தட்டு, சுருள் தட்டு, சாவி நுழையும் சிறிய பல்சக்கரங்கள் ஆகியவற்றை எடுத்து மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். அருகில் நெருப்பு கூடாது, காற்றோட்டம் வேண்டும்.

4. பற்களில் பிசிறு இருந்தால் மெல்லிய எண்ணெய்க் கல்லால் தடவி எடுங்கள். அரம் வேண்டாம்.

5. நன்கு உலர்ந்ததும் கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். அப்பி வைத்தால் அதுவே தூளைப் பிடித்து வைத்துக் கொண்டு பற்களை அரைக்கும்.

6. ஜாக்களில் 1, 2, 3 என்று எண் இருக்கும். சக்கின் பள்ளங்களிலும் எண் இருக்கும். சுருளின் முனை 1ஆம் பள்ளத்துக்கு வரும் வரை சாவியைத் திருகி, சிறிது பின்னுக்கு எடுத்து, 1ஆம் ஜாவினைத் தள்ளுங்கள். முனை அதனைப் பற்றிக் கொண்டதும் 2, பிறகு 3. எல்லாவற்றையும் முழுதாக மையத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் சரி. ஒன்று முந்தி வந்தால் வரிசை தவறியிருக்கிறது.

7. ஸ்பிண்டில் முகத்தையும் சக்கின் பின்முகத்தையும் வெறும் விரலால் தடவிப் பார்த்து, தூள் இல்லை என்று உறுதி செய்த பின் மாட்டுங்கள். மீண்டும் ரன் அவுட் பாருங்கள்.

பிடிக்கும்போதும் சில வரம்புகள் உண்டு. ஜா சக்கின் உடலைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் சுருளில் பதியும் பற்களின் எண்ணிக்கை குறையும். கம்பி அதன் விட்டத்தைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியே நீண்டால் டெயில் ஸ்டாக் சென்டர் கொடுத்துத் தாங்க வேண்டும். சாவியில் பைப்பினை மாட்டி இறுக்குவதும், சுத்தியலால் தட்டுவதும் சக்கின் ஆயுளைக் குறைக்கும்.

எக்ஸெல்லில் ஒரு சிறிய ஷீட் திறந்து, தேதி, எந்த சக், ரன் அவுட் எவ்வளவு, என்ன செய்தேன் என்று நான்கு நெட்டு வரிசைகளில் பதிந்து வாருங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் சக் எப்போது தேயத் தொடங்கியது என்று அதுவே சொல்லும்.

கம்ப்யூட்டரின் இடம்

சிபியு பெட்டியை லேத்துக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் மின்விசிறி காற்றுடன் இரும்புத் தூளையும் இழுத்து மதர்போர்டில் படிய வைக்கும். இரும்பு மின்சாரம் கடத்தும் என்பதால் இது சாதாரணத் தூசியைவிட மோசம், ஷார்ட் ஆகலாம். சற்றுத் தள்ளி, உயரத்தில் வைத்து, காற்று நுழையும் இடத்தில் பில்டர் போடுங்கள். கீபோர்டுக்கு ரப்பர் உறை போடுங்கள்.

லேத் ஓடும்போது லுங்கி, தோளில் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கையுறை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் கூடாது. கண்ணாடி கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்ததும் மெயின் ஸ்விட்சினை ஆப் செய்து பூட்டி வையுங்கள். கீபோர்டில் விளையாடும் குழந்தைக்கு, அதன் மறுமுனையில் ஒரு லேத் இருப்பது தெரியாது.

முதல் ஜாப்பாக ஒரு அலுமினியக் கம்பியை எடுத்துக் கொள்ளுங்கள். ஸ்டார்ட் கொடுக்கும் முன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து, சாவி எங்கே, பிடி கெட்டியா, வேக எல்லை எழுதினேனா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பட்டனை அழுத்துங்கள்.